அடைமுட்டை வாங்குவோருக்கும் விற்போருக்கும்



இன்றைக்கு அடைமுட்டையைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். அடை எப்படி வைப்பது, எத்தனை நாளில் பொரிக்கும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதது அல்ல. அதைச் சொல்ல நான் வரவில்லை. ஒருவர் அடைமுட்டையை விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். அந்த இருவருக்கும் நடுவே எத்தனை பொய் புகுந்து கொள்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் ராசிபுரம் பக்கத்தில் சிறுவிடைக் கோழி வளர்ப்பவன். முட்டை விற்றிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் தப்புச் செய்தவன் என்ற முறையில்தான் இதைப் பேசுகிறேன்.

நாம் சந்தையில் ஓர் ஆட்டை வாங்கினால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். மாடு வாங்கினால் சுழி பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம். விதை நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். அடைமுட்டையை என்னவென்று பார்ப்பது? ஓட்டுக்குள்ளே இருப்பது வாங்குகிறவருக்கும் தெரியாது. பல சமயம் விற்கிறவருக்கே தெரியாது.

முட்டைக்குள்ளே மூன்று இரகசியம் இருக்கிறது. முதலாவது, கரு கூடியிருக்கிறதா இல்லையா என்பது. இது ஏழாம் நாள் வெளிச்சம் பார்த்தால் தெரியும். இரண்டாவது, முட்டை எத்தனை நாள் பழையது, எங்கே வைத்திருந்தது என்பது. இது 21ஆம் நாள் தெரியும். மூன்றாவது, சொன்ன இனம்தானா என்பது. இது தெரிய ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் கழித்து யாரைப் போய்க் கேட்பது? பணம் கைமாறும் நாள் ஒன்று, உண்மை தெரியும் நாள் வேறு. இந்த வியாபாரத்தில் பொய் சுலபமாக நுழைவதற்கு இதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் இந்தக் கஷ்டம் அதிகம் இல்லை. ஒரே ஊருக்குள் முட்டை கைமாறும். என் வீட்டுக் கோழி அடை படுத்திருக்கும், முட்டை இருக்காது. பக்கத்து வீட்டில் முட்டை இருக்கும், அடைகோழி இருக்காது. முட்டை உன்னுடையது, கோழி என்னுடையது, குஞ்சில் ஆளுக்குப் பாதி என்று பேசிக் கொள்வார்கள். முட்டை கூமுட்டையாகப் போனால் இரண்டு பேருக்கும் நட்டம். அதனால் யாரும் பழைய முட்டையைக் கொடுக்கவும் மாட்டார்கள், குஞ்சை மறைக்கவும் மாட்டார்கள். மறைத்தாலும் குஞ்சு தெருவில்தானே மேய வேண்டும்!

இப்போது அப்படி இல்லை. கைபேசியில் படம் பார்க்கிறோம். ஆத்தூரில் இருப்பவர் திண்டுக்கல்லில் இருந்து வரவழைக்கிறார். அட்டைப் பெட்டியில் தவிடும் உமியும் போட்டு, பஸ்ஸிலோ பார்சல் வண்டியிலோ முட்டை வருகிறது. விற்றவர் முகத்தை வாங்கினவர் பார்த்ததில்லை. நம் சேலம், தர்மபுரி, திண்டுக்கல் பக்கங்களில் கிளிமூக்கு விசிறிவால் என்னும் பெருவிடை இனத்துக்கு நல்ல மவுசு. அதன் முட்டை ஒன்று சில நூறு ரூபாய்க்குக்கூட விலை பேசப்படுகிறது. விலை ஏற ஏறப் பொய்யும் ஏறுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாமக்கல் பண்ணை முட்டைக்குத் தினமும் விலை சொல்லுகிறார்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் ஏற்பட்டது. வியாபாரி சொன்னதே விலை என்று இருந்த நிலையில், பண்ணைக்காரர்கள் ஒன்று கூடி விலையைத் தாங்களே வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்ன விலையில் வியாபாரிகள் மைனஸ் பிடிக்கிறார்கள் என்ற சண்டை வேறு விஷயம். ஆனால் இன்றைக்கு என்ன விலை என்பது ஊருக்கே தெரியும். அடைமுட்டைக்கு அப்படி ஓர் ஊரறிந்த விலையும் கிடையாது, தரமும் கிடையாது. விற்கிறவர் வாய்ச்சொல்தான் தரம். ஆகவே அந்தச் சொல்லைச் சரிபார்க்கும் வழி ஒன்றை நாமேதான் செய்து கொள்ள வேண்டும்.

முதலில் என் தப்பைச் சொல்லி விடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். ஆத்தூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மணி போன் செய்தார். மகளிர் குழுவில் கடன் வாங்கி இரண்டு கோழி வைத்திருந்தார். இரண்டும் அடை படுத்திருக்கின்றன, 30 முட்டை வேண்டும் என்று கேட்டார். என்னிடம் புது முட்டை 18தான் இருந்தது. மீதி 12 முட்டை, தகரக் கொட்டகையில் இரண்டு வாரமாகக் கிடந்தவை. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வந்த ஆர்டரை விடுவானேன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பி விட்டேன். எல்லாம் இந்த வாரத்து முட்டைதான் என்று சொன்னேன்.

இருபத்திரண்டாம் நாள் அவர் போன் செய்தார். “அண்ணா, பதினாலுதானுங்க பொரிச்சது. பதினாறு கூமுட்டை ஆயிடுச்சுங்க” என்றார்.

“பஸ்ஸில் குலுங்கியிருக்கும் அம்மணி. நான் என்ன பண்ண முடியும்?” என்றேன்.

“சரிங்கண்ணா” என்று வைத்து விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்கு அப்புறம் ஒரு வருஷம் கழித்து, பரமத்திவேலூர் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். என் குரலை வைத்து அவர்தான் அடையாளம் கண்டு வந்து பேசினார். கோழி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நமக்குக் கோழி ராசியில்லீங்கண்ணா. அதோட வித்துட்டனுங்க. இன்னிக்குச் சொந்தக்காரங்களுக்குக் கறிக்கு ஒண்ணு வாங்க வந்தேன்” என்றார்.

அவர் தம்முடைய ராசியைக் குறை சொல்லிக் கொண்டு கோழி வளர்ப்பையே விட்டு விட்டார். உண்மையில் அவர் ராசிக்கு ஒன்றும் இல்லை. என் தகரக் கொட்டகைச் சூடுதான் காரணம். அன்றைக்கு அந்தச் சந்தையிலேயே அவரிடம் உள்ளதைச் சொல்லி விட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கோழியை வித்திருக்க மாட்டனுங்களே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூமுட்டையின் நட்டம் முட்டை விலையோடு போவதில்லை, பெருமக்களே. அடைகோழி 21 நாள் சரியாகத் தீனி தின்னாமல் மெலிந்து போகிறது. அது எழுந்து தேறி மறுபடி முட்டை வைக்க நாள் ஆகிறது. ஒரு பருவக் குஞ்சு போய் விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நமக்கு இது வராது என்று ஒரு குடும்பம் தொழிலையே விட்டு விடுகிறது.

அடுத்து, வாங்கினவனாக நான் செய்த தப்பு. நூறு முட்டை பிடிக்கிற சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கினேன். வெளியூரில் ஒருவரிடம் 20 பெருவிடை முட்டை வாங்கி வைத்தேன். பதினாறாம் நாள் இராத்திரி கரண்டு போய் விட்டது. விடிகிற நேரத்துக்குத்தான் வந்தது. இரண்டே குஞ்சுதான் பொரித்தது. நான் என்ன செய்தேன்? அவருக்குப் போன் செய்து, “முட்டை சரியில்லைங்க” என்று சத்தம் போட்டேன். கரண்டு போனதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு 20 முட்டை இலவசமாக அனுப்பினார்.

சந்தையில் அந்த அம்மணியிடம் பேசி வந்த அன்று இராத்திரி, இவருக்கும் போன் செய்து உள்ளதைச் சொல்லிப் பணத்தை அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. “கரண்டு போன அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, மிஷினைத் திறக்காதீங்க, மேல கோணிப்பையும் கம்பளியும் போட்டு மூடுங்கன்னு சொல்லியிருப்பேன். கொஞ்சமாவது தேறியிருக்கும்” என்றார். நட்டத்தை யார் தலையில் கட்டுவது என்று பார்த்துக் கொண்டிருந்ததில், நட்டத்தைக் குறைக்கும் வழி எனக்குத் தெரியாமல் போய் விட்டது.

இனி, வாங்குகிறவரும் விற்கிறவரும் சண்டையில்லாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். இதை நான் ஏழாம் நாள் கணக்கு என்று சொல்வது வழக்கம்.

அடை வைத்த ஏழாம் நாள் இராத்திரி, இருட்டு அறையில் முட்டையை வெளிச்சம் பாருங்கள். ஓர் அட்டையில் முட்டையை விடச் சின்னதாக ஓட்டை போட்டு, பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்தால் போதும். முட்டையின் பருத்த முனையை ஓட்டையில் வைத்துப் பாருங்கள். மூன்று விதமாகத் தெரியும்.

ஒன்று, சிலந்திப் பூச்சி கால் பரப்பின மாதிரிச் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். இது உயிருள்ள முட்டை.

இரண்டு, நரம்பு இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரியும். இதை இரத்த வளையம் என்பார்கள். கரு கூடியிருந்தது, வளர ஆரம்பித்தது, பிறகு இறந்து விட்டது என்று அர்த்தம்.

மூன்று, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளிச்சம் தெளிவாக ஊடுருவும். இது பெரும்பாலும் கரு கூடாத முட்டை. சந்தேகம் இருந்தால் ஒரு தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கரு புது முட்டை போலவே இருந்து, அதன் மேல் சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் சேராத முட்டைதான். வெள்ளைப் படலம் பரவியிருந்தாலோ, இரத்தக் கீற்று இருந்தாலோ கரு கூடி, மிக இளசிலேயே இறந்தது.

இப்போது பொறுப்பைப் பிரித்துக் கொள்ளலாம். சேவல் சேராத முட்டைக்கு விற்றவர் பொறுப்பு. அதற்குப் பஸ்ஸும் காரணம் இல்லை, இன்குபேட்டரும் காரணம் இல்லை. இரத்த வளையத்துக்குக் காரணம் பல. முட்டை பழசாக இருக்கலாம், வெயிலில் இருந்திருக்கலாம், வழியில் அடிபட்டிருக்கலாம், வாங்கினவர் சூடு சரியாக வைக்காமல் இருக்கலாம். யார் என்று நிரூபிக்க முடியாது. ஆகவே இதை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக் கொள்ளுங்கள். ஏழாம் நாள் உயிரோடு இருந்து, பிறகு பொரிக்காமல் போனால் பெரும்பாலும் சூடு, ஈரம், திருப்பி வைப்பது ஆகியவற்றில் வந்த குறை. அது வாங்கினவர் கணக்கு.

இதை முட்டை அனுப்புவதற்கு முன்னாலேயே இருவரும் பேசி முடிவு செய்து கொள்ள வேண்டும். பேசினதை ஒரு துண்டுச் சீட்டிலோ, கைபேசியில் எழுத்தாகவோ வைத்துக் கொள்ள வேண்டும். பொரிக்காமல் போன பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

விற்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு என்று விற்காதீர்கள். வீட்டுக்குச் சாப்பிட வைத்துக் கொள்ளுங்கள்.

நம் சேலம், நாமக்கல் சீமையில் கோடைக்காலம் மிகவும் கடுமை. சுமார் 21 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேலே போனால், அடை வைக்காமலேயே கரு மெதுவாக வளரத் தொடங்கும். அரைகுறையாக வளர்ந்து, பிறகு இறந்து போகும். அடைமுட்டைக்கு ஏற்ற குளிர்ச்சி 15 முதல் 18 டிகிரி. நம் வீட்டில் அது கிடைக்காது என்றாலும், நிழலான மூலையில் மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் மண்பானையைப் பதித்து, பானைக்குள் முட்டையை வைத்து மெல்லிய துணியால் மூடலாம். தகரக் கூரைக்கு அடியில் மட்டும் வைக்கவே கூடாது. முட்டையைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேல் இருக்கிற காப்புப் படலம் போய், கிருமி உள்ளே இறங்கும்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும். சேவலை மாற்றினால் மூன்று வாரம் பொறுத்துத்தான் புதுச் சேவலின் பெயரைச் சொல்லி முட்டை விற்க வேண்டும். ஏனென்றால் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரமும் இருக்கும், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். படத்தில் ஒரு சேவலைக் காட்டுவோம், பிறக்கிற குஞ்சு வேறு சேவலுடையதாக இருக்கும். தெரியாமல் செய்தால் அது அறியாமை. தெரிந்தே செய்தால் அது மோசடி.

இன்னொரு காரியம். முட்டை அனுப்பும்போது அதே தேதி முட்டையில் நாலைந்தை எடுத்து உங்கள் வீட்டு அடைகோழியிலேயே வையுங்கள். உங்கள் வீட்டில் பொரித்து அவர் வீட்டில் பொரிக்கவில்லை என்றால் குறை வழியிலோ அவரிடமோ இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பொரிக்கவில்லை என்றால் வாயை மூடிக் கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாம். உங்கள் முட்டைக்கு உங்கள் அடைகோழியே சாட்சி.

வாங்குகிறவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் முட்டைக்கோழிகளோடு சேவல் கிடையாது. அந்த முட்டை சாப்பிட நல்லது, அடைக்கு உதவாது. வெள்ளை முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று விற்பது எளிதல்ல. ஆனால் பழுப்பு நிற முட்டை இடும் பண்ணைக் கோழிகளும் உண்டு. அந்த முட்டையை நாட்டு முட்டை என்று தள்ளி விட முடியும். நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதுபோலக் கருங்கோழி என்னும் கடக்நாத். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி அது. 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. கோழி கருப்பாக இருக்கும், கறி கருப்பாக இருக்கும். முட்டை கருப்பாக இருக்காது, வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். கருப்பு முட்டை என்று யாராவது படம் அனுப்பினால் பேச்சை அத்துடன் நிறுத்தி விடுங்கள்.

படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். வேறொருவர் போட்ட படத்தை எடுத்துத் தம்முடையது என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்து கோழிகள் கூட்டில் அடைகிற நேரத்தில், வீடியோ போன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வளர்க்கிறவர் மறுக்க மாட்டார். முதல் முறை பத்து முட்டைக்கு மேல் வாங்காதீர்கள். முடிந்தால் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் நேரில் பாருங்கள். பஸ் செலவு நட்டத்தை விடக் குறைவு.

முட்டை வந்தவுடன் பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். விரிசல் விட்டதை அன்றைக்கே சொல்லி விடுங்கள். வந்த முட்டையை உடனே அடை வைக்கக் கூடாது. பருத்த முனை மேலே இருக்கும்படி நிழலில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து, பிறகு வையுங்கள். குலுங்கின காற்றறை அமைதியாக அவ்வளவு நேரம் வேண்டும். வழிப்பயணம் வந்த முட்டை பத்துக்குப் பத்தும் பொரிக்கும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம். அப்படிக் கேட்டு விற்கிறவரை வற்புறுத்தவும் வேண்டாம். நடக்காததைக் கேட்டால் பொய்தான் பதிலாக வரும்.

இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள், சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறதா என்று தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். மிஷினில் காட்டுகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நம் மிஷினே நம்மிடம் பொய் சொல்லும், அதற்கு விற்றவரைத் திட்டிக் கொண்டிருப்போம்.

முட்டையோடு நோயும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. குஞ்சுகளுக்கு வருகிற வெள்ளைக் கழிச்சலில் ஒரு வகை, தாய்க்கோழியிடமிருந்து முட்டைக்குள்ளேயே இறங்கி வரக் கூடியது. ஆகவே வெளியில் இருந்து வந்த முட்டையில் பொரித்த குஞ்சுகளைச் சில வாரம் தனியே வளர்த்து, பிறகு நம் கோழிகளோடு விடுங்கள். தம்முடைய மந்தையில் குஞ்சுகள் கழிச்சலில் சாவது தெரிந்தும் முட்டை விற்பவர், கூமுட்டை விற்பவரை விடப் பெரிய கேடு செய்கிறார்.

பணம் அனுப்புவதிலும் இரண்டு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். பாதிப் பணம் முன்னால், பாதி முட்டை வந்து சேர்ந்த பின்னால் என்று வைத்துக் கொள்வது நல்லது. முட்டை விற்கிறவரையும் ஏமாற்றுகிறார்கள். “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள்” என்பார்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் இரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும். அப்படி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வாங்கிய பொருளில் குறை என்றால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் அந்தத் துண்டுச் சீட்டும், ஏழாம் நாள் எடுத்த படமும்தான் உதவும்.

இதுவரை சொன்னது சின்னப் பொய்கள். பெரிய பொய் ஒன்றை நம் பக்கத்துச் சீமையிலேயே பார்த்திருக்கிறோம். பெருந்துறை ஈமுக்கோழி விவகாரத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றரை இலட்சம் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சு தருகிறோம், மாதம் 6,000 ரூபாய் தருகிறோம், வருஷத்துக்கு 20,000 ரூபாய் போனஸ் என்று சுசி ஈமு நிறுவனம் சொன்னது. அதைப் பார்த்து வேறு பல நிறுவனங்களும் கிளம்பின. 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் என்று 1997இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வழக்குகள் நடந்தன. பறவைகள் தீனி இல்லாமல் கொட்டகையில் நின்றதையும், நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டினவர்கள் தெருவில் நின்றதையும் கொங்கு நாடு பார்த்தது.

அங்கே முட்டையில் பொய் இல்லை. ஈமு முட்டை பொரிக்கத்தான் செய்தது. கறியை, எண்ணெயை வாங்க ஆள் இருக்கிறது என்று சொன்னதுதான் பொய். சாப்பிடுகிறவன் வாங்கவில்லை. அடுத்து வளர்க்க வருகிறவன்தான் வாங்கினான். புது ஆள் வருவது நின்றதும் எல்லாம் நின்றது.

ஆகவே விலை உயர்ந்த எந்த அடைமுட்டையை வாங்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் குஞ்சு வளர்ந்தால், கடைசியில் யார் வாங்குவார்? பரமத்திவேலூர்ச் சந்தையில் கறிக்கு என்ன விலை போகுமோ அந்த விலைக்கு விற்றாலும் எனக்குக் கட்டுமா? கட்டும் என்றால் வாங்குங்கள். வளர்ந்த பிறகு நானே திருப்பி வாங்கிக் கொள்கிறேன் என்று முட்டை விற்கிறவர் சொன்னால், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அழகுக்கும் ஆசைக்கும் விசிறிவால் வளர்ப்பது தப்பில்லை. ஆசைக்கு உரிய பணம் வேறு, அடகு வைத்த பணம் வேறு.

நாட்டுக்கோழி வளர்ப்பில் சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, சேலம் மாவட்டத்துச் சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கூமுட்டையை எடுத்துக் கொண்டு உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் போய்க் காட்டவும் வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நான் இப்போது முட்டை விற்கும்போது ஒவ்வொரு முட்டையிலும் தேதி போடுகிறேன். கேட்கிற அளவு முட்டை இல்லை என்றால், இவ்வளவுதான் இருக்கிறது, மீதிக்கு அடுத்த வாரம் கேளுங்கள் என்று சொல்கிறேன். ஏழாம் நாள் நானே போன் செய்து, “வெளிச்சம் பார்த்தீங்களா? எத்தனை தேறிச்சு?” என்று கேட்கிறேன். சில பேர் குறைத்துச் சொல்லவும் செய்யலாம். ஆனால் நாமாக முன்வந்து கேட்டால் பெரும்பாலானவர்கள் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆத்தூர் அம்மணிக்கு 12 முட்டையும், அடை படுத்திருந்த ஒரு கோழியும் கொண்டு போய்க் கொடுத்து வந்தேன். அவர் வாங்க யோசித்தார். ஏழாம் நாள் நானே வந்து வெளிச்சம் பார்த்துத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் வாங்கிக் கொண்டார். சொன்னபடி போனேன். இருவரும் சேர்ந்து பார்த்தோம். 12க்குப் பத்து முட்டையில் நரம்பு ஓடியிருந்தது. தெளிவாக இருந்த இரண்டையும் அவரே தட்டில் உடைத்துப் பார்த்து, “இது உங்க கணக்குங்கண்ணா” என்றார். ஆமாம் அம்மணி என்று சொல்லி, பையில் இருந்த இரண்டு புது முட்டையை எடுத்துக் கொடுத்தேன். அடையில் இனி வைக்க முடியாது, குழந்தைகளுக்கு அவித்துக் கொடுங்கள் என்றேன்.

உழவர் பெருமக்களே, அடுத்த முறை அடைமுட்டை வாங்கும்போதும் விற்கும்போதும், முதலில் ஏழாம் நாள் கணக்கைப் பேசி முடித்துக் கொள்ளுங்கள்.